மடிப்புக் கலையாத படுக்கை

ஆவடி
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை

பவ்யா அப்பாவுக்கு ரேணுகா வணக்கத்துடன் எழுதுவது. நானும் பிள்ளைகளும் இங்கே சௌக்கியம். அந்தக் காட்டுக்குள் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, கொசு மருந்து தடவிக்கொள்கிறீர்களா, சப்பாத்தியே தின்று நாக்கு செத்துப்போயிற்றா என்று தெரிந்துகொள்ள ஆசை.

இந்தக் காலத்தில் லெட்டர் எழுதுகிறாளே, இவளுக்கு வேறு வேலை இல்லையா என்று உங்கள் முகாமில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை மலைமேல் ஏறினால்தான் உங்களுக்கு சிக்னல். கிடைக்கிற நேரத்தில் பாதியைப் பவ்யா பிடுங்கிக்கொள்கிறாள், மீதியை ஹலோ ஹலோ தின்றுவிடுகிறது. கட்டின பெண்டாட்டிக்கு என்ன மிச்சம்? அதனால்தான் பேனாவைத் தூக்கினேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் எழில் என் மடியில் உட்கார்ந்து கையை இழுக்கிறான் என்று புரிந்துகொள்ளுங்கள். அவனுக்கு மேல்பல் இரண்டும் முளைத்துவிட்டது. இப்போது உங்கள் போட்டோவைக்கூடக் கடித்துவைக்கிறான்.

குவார்ட்டர்ஸில் புதுசாக ஒன்றும் இல்லை. நம் பிளாக்குக்கு முன்னால் கால்வாய்க்குத் தோண்டின பள்ளம் அப்படியேதான் இருக்கிறது, அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு அதையே ரோடு என்கிறார்கள். பால்காரர் அதில் ஒரு நாள் சைக்கிளோடு விழுந்து எழுந்தார்.

முக்கியமான சேதிக்கு வருகிறேன். உங்கள் இன்ஸ்பெக்ஷன் ஜெயித்துவிட்டது. மூணாவது படிக்கிற பெண் இன்னும் தூக்கத்தில் படுக்கையை நனைக்கிறாளே என்று லீவில் நீங்கள் வந்தபோது நான் புலம்பினேன் இல்லையா, அடிக்காதே, திட்டாதே, என்னிடம் விடு என்றீர்கள். முன்ரூமில் மடக்குக் கட்டிலைப் போட்டு, உங்கள் ஜவான்கள் படுக்கிற இடம் மாதிரி இதுதான் உன் பாரக் என்று அவளிடம் சொன்னீர்கள். கேம்ப்பில் பெட்டி படுக்கையைச் சோதிக்கிற மாதிரி தினமும் காலையில் அவள் கட்டில் பக்கத்தில் விறைப்பாக நிற்பாள். நீங்கள் உள்ளங்கையால் விரிப்பைத் தடவிப் பார்ப்பீர்கள். காய்ந்திருந்தால் ‘பாஸ்’ என்று சொல்லி அவளுக்கு ஒரு சல்யூட். நனைந்திருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்துவிடுவீர்கள். அவளே மெத்தையைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் போட வேண்டும். இதென்னடா கூத்து என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்ததற்கு இப்போது உங்களுக்கு ஒரு சல்யூட் வைத்துவிடுகிறேன்.

ஏனென்றால் நீங்கள் போனதிலிருந்து தினமும் பாஸ்தான். நான் எழுந்து வருவதற்குள் படுக்கையைச் சுருக்கமில்லாமல் மடித்து, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, மேலே போர்வையை வைத்து, பக்கத்தில் நிற்கிறாள். நான் தடவிப் பார்க்கிறேன், நன்றாகக் காய்ந்திருக்கிறது. ராத்திரி போட்ட உடுப்பையும் அவளே அலசிப் பின்பால்கனியில் காயப்போட்டுவிடுகிறாள். நம் பெண் பெரியவளாகிவிட்டாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்வீட்டுக் கோமளாவிடம்கூட, என் பெண் எவ்வளவு பொறுப்பு தெரியுமா என்று அளந்துவிட்டேன்.

ஆனால் ஒன்று மட்டும் மனசில் நெருடிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் கிளம்பின அன்றைக்குக் காலையில் அவள் நனைத்துவிட்டாள். அன்றைக்காவது ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ரூல் என்றால் ரூல்தான் என்று சிரித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறிவிட்டீர்கள். அவள் நெற்றியில் கையை வைத்தபடி கேட்டருகே நின்றாள். ஆட்டோ திரும்பிப்போன பிறகும் கையை இறக்கவில்லை. நான்தான் இறக்கிவிட்டுக் கூட்டி வந்தேன். விளையாட்டுத்தானே என்று விட்டுவிட்டேன், நீங்களும் மறந்திருப்பீர்கள்.

மற்றபடி அவளுக்குச் சளியும் இருமலும் விடமாட்டேன் என்கிறது. கிளாசில் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். விளக்கு வைத்த பிறகு தண்ணீர் கூடாது என்று நீங்கள் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்திலும் குடிப்பதில்லை போலிருக்கிறது. பாட்டில் போனபடியே நிறைந்து திரும்பி வருகிறது. அடுத்த ஞாயிறு போனில் ‘பாஸா?’ என்று கேட்கும்போது, தண்ணீர் குடி என்று நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னால் யார் கேட்கிறார்கள் இந்த வீட்டில்.

உங்கள் அக்கா போனில் விசாரித்தார்கள். மேனாம்பேட்டில் எல்லோரும் நலம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே போகும்போது தலையில் ஹெல்மெட்டை மாட்டுங்கள், சோம்பேறித்தனம் வேண்டாம்.

உங்கள்
ரேணுகா

*

ஆவடி
புரட்டாசி, சனிக்கிழமை

பவ்யா அப்பாவுக்கு,

போன லெட்டர் கிடைத்தது என்று சொன்னீர்கள். அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அதில் நான் பெருமையாக எழுதினது எல்லாம் பொய். எனக்கே தெரியாமல் எழுதின பொய்.

இதைப் போனில் சொல்ல வழியில்லை. ஸ்பீக்கரில் போட்டால் அவள் காதில் விழும், ஸ்பீக்கர் இல்லாமல் பேசினால் ஏதோ தன்னைப் பற்றித்தான் என்று கண்டுபிடித்துவிடுவாள். ஆகவே பொறுமையாகப் படியுங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். பயப்பட ஒன்றும் இல்லை.

போன வாரம் ஒரு நாள் விடியற்காலையில் எழில் பாலுக்கு அழுதான். அடுப்படிக்குப் போனேன். பின்பால்கனிக் கதவு ஒருக்களித்திருந்தது. ராத்திரி முழுக்க மழை, சாரல் அடிக்குமே என்று சாத்தப் போனேன். அங்கே துணி துவைக்கிற இடத்தில், தண்ணீர் போகிற ஓட்டைக்குப் பக்கத்தில், காலி அரிசிப் பையைப் பிரித்து விரித்து அதன்மேல் நம் பெண் சுருண்டு படுத்திருந்தாள். தலையணை இல்லை, போர்வை இல்லை. பாவாடையெல்லாம் ஈரம். அது மழையா மற்றதா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு மக்கில் தண்ணீர் தயாராக வைத்திருந்தாள், எழுந்ததும் ஊற்றிக் கழுவிவிட.

தூக்கினேன். உடம்பு கொதித்தது. கண்ணைத் திறந்தவள் அழவில்லை. முன்ரூமைக் கையால் காட்டி, “மெத்தை நனையலம்மா, நீயே போய்த் தொட்டுப் பாரு. அப்பாகிட்ட பாஸ்னு சொல்லு” என்றாள்.

போய்ப் பார்த்தேன். படுக்கை மடித்தபடி இருந்தது. ராத்திரி நான் விரித்துக் கொடுத்து விளக்கை அணைத்த பிறகு அதில் யாரும் படுத்திருக்கவே இல்லை. நீங்கள் போனதிலிருந்து இப்படித்தான் நடந்திருக்கிறது. நான் உள்ரூமில் எழிலோடு அசந்து தூங்க, அவள் விளக்கு அணைந்ததும் எழுந்து, படுக்கையை மடித்து வைத்துவிட்டு, கழுவினால் தடம் தெரியாத இடமாகப் பார்த்துப் போய்ப் படுத்திருக்கிறாள். நானும் தினமும் காலையில் அந்தப் படுக்கையைத் தடவிப் பார்த்துப் பாஸ் பாஸ் என்றேனே, என் கையை என்ன செய்தால் தகும்? சளி, இருமல், கிளாசில் தூக்கம், அவளே அலசின உடுப்பு, எல்லாம் என் கண்முன்னேதான் இருந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

கேம்ப் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அங்கே வரிசையில் நிற்கிற முகம் எல்லாம் தெரிந்த முகம். எழிலைக் கோமளாவிடம் விட்டுவிட்டு, பஸ் பிடித்துக் கரையான்சாவடியில் பிள்ளைகளைப் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். போகிற வழியில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள், “தம்பி நனைச்சா எல்லாரும் சிரிக்கிறீங்க. நான் நனைச்சா மட்டும் ஏம்மா யாரும் பேச மாட்டேங்கிறீங்க?” டிக்கெட்டைத் தேடுகிற மாதிரி பையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

ஜுரத்துக்கு மருந்து கொடுத்தார்கள். தண்ணீரே குடிக்காமல், பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் பக்கமும் போகாமல் அடக்கி அடக்கி நீர்த்தாரையில் புண் வந்திருக்கிறதாம், அதற்கும் மருந்து. மலச்சிக்கல் வேறு. அதுவும் நனைப்பதற்கு ஒரு காரணமாம், எனக்கு இதை யார் சொன்னார்கள்? பகலெல்லாம் நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும், நேரம் தவறாமல் கக்கூஸ் போய்வர வேண்டும், படுக்கும் முன் கட்டாயம் போக வேண்டும், கீரையும் பழமும் சாப்பிட வேண்டும் என்றார். இந்த வயசில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இருக்கிறதாம். தூக்கம் ஆழமாக இருக்கும், உள்ளே நிறைந்தது மூளைக்குத் தெரியாது, வளர வளரச் சரியாகும், சரியாகாவிட்டால் அதற்கும் வழி இருக்கிறது என்று பவ்யாவிடமே படம் போட்டுக் காட்டினார்.

அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு நம் இன்ஸ்பெக்ஷனைப் பற்றிச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “தூங்குற புள்ள கையில எதும்மா இருக்கு? காய்ஞ்சா பரிசுன்னு சொன்னாக்கூட, நனைஞ்சா தண்டனைன்னுதான் அது எடுத்துக்கும்” என்றார். பிறகு, பெற்றவர்களில் யாருக்காவது சின்ன வயசில் இந்தப் பழக்கம் இருந்ததா, பெரும்பாலும் வீட்டுவழியாக வரும் என்று கேட்டார். எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை என்று அடித்துச் சொன்னேன். உங்களுக்கும் சேர்த்து.

ஜுரம் என்று கேள்விப்பட்டு வியாழக்கிழமை உங்கள் அக்கா வந்தார்கள். கையில் ஒரு டப்பா நிறைய எள்ளுருண்டை. பிள்ளைக்கு இது நல்லது, படுக்கையில் போகிறது நிற்கும் என்றார்கள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, இது உங்களுக்கு எப்படித் தெரியும், போனில் நான் ஜுரம் என்றுதானே சொன்னேன் என்று கத்திவிட்டேன். லோகநாயகி அண்ணி ஒருநாளும் எனக்குப் பதில் பேசாமல் விட்டதில்லை. அன்றைக்கு உட்கார்ந்துகொண்டார்கள். முதலில் டப்பாவை மூடினார்கள்.

“இன்னா ரேணு, உன்கிட்ட சொல்லவே இல்லியா அவன்? லீவுல வந்தப்போ புள்ளைக்கும் இப்டி கீது அக்கான்னு என்கிட்ட வந்து அழுதுட்டுப் பூட்டான். ஏயாவது படிக்கிற வரிக்கும் பாஸ்கருக்கு ராவுல பாயிலயே பூடும். நைனா அந்த ஈரப்பாயச் சுருட்டி அவன் தலைமேல வெச்சி ஊட்டு வாசல்ல நிக்க வெச்சிடுவாரு. இஸ்கூலுக்குப் போற புள்ளைங்கல்லாம் பாத்துகினே போவும்.”

அதற்கு மேல் அவர்கள் சொன்னதை நான் முழுசாக எழுதவில்லை, உங்களுக்கே தெரியும். உங்கள் அப்பா எழுவதற்கு முன்னால் அக்கா எழுந்து தன் காய்ந்த பாயை உங்களுக்குப் போட்டுவிட்டு, உங்கள் ஈரப்பாயைத் தான் எடுத்துக்கொள்வார்களாம். கல்யாணமாகி அந்தத் தெருவை விட்டுப் போனபோது, மற்ற எதற்கும் அழவில்லை, இனிமேல் தம்பிக்குப் பாயை மாற்றிப்போட யார் இருக்கிறார்கள் என்றுதான் அழுதார்களாம். எள்ளுருண்டை அப்போதும் உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லையாம். வேறு என்ன கொண்டுவருவது என்று தெரியாமல் கொண்டுவந்தேன் என்றார்கள். பவ்யா நன்றாகச் சாப்பிட்டாள், அதைச் சொல்ல வேண்டும்.

இத்தனை வருஷம் உங்களோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன். உங்கள் சட்டை அளவு தெரியும், எந்தப் பல்லில் சொத்தை என்று தெரியும். இது தெரியாது. கோபமா என்று கேட்டால், ஆமாம், கோபம்தான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேனா? ஆனால் ராத்திரியெல்லாம் யோசித்தேன். உங்கள் அப்பா உங்களைத் தெருவில் நிறுத்தினார். நீங்கள் அவளைத் தெருவில் நிறுத்தவில்லை, கை ஓங்கவில்லை, ஒரு சுடுசொல் சொல்லவில்லை. உங்களுக்கு யாரும் கொடுக்காத மரியாதையை அவளுக்குக் கொடுக்கத்தான் அந்தச் சல்யூட்டைக் கண்டுபிடித்தீர்கள். அது எனக்குப் புரிகிறது. அதனால்தான் மனசு இன்னும் ஆறவில்லை. இவ்வளவு நல்ல மனசோடு செய்தும் பிள்ளை போய் ஓட்டைக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறதே.

நீங்கள் வைத்த சல்யூட்டெல்லாம் அவளுக்கு நினைவில் இல்லை. வைக்காமல் போன அந்தக் காலைதான் நிற்கிறது. ஜுரத்தில் அதைத்தான் பிதற்றினாள்.

அடுத்த ஞாயிறு போன் செய்யும்போது தயவுசெய்து ‘பாஸா?’ என்று கேட்காதீர்கள். அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

ரேணுகா

*

ஆவடி
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

அன்பானவருக்கு,

தீபாவளிக்கு லீவு கிடைத்துவிட்டது என்று உங்கள் மெசேஜ் வந்தது. சந்தோஷப்பட வேண்டிய சேதி. அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பவ்யாவின் உடம்பு. ஜுரம் போய்விட்டது, புண்ணும் ஆறிவிட்டது. தண்ணீர் பாட்டில் இப்போது காலியாகத் திரும்புகிறது. டீச்சரிடம் போய்ப் பேசினேன், இடைவேளைக்கு முன்னாலேயே அவளை வெளியே அனுப்புகிறார், யாருக்கும் காரணம் சொல்வதில்லை. மடக்குக் கட்டிலை மடித்துப் பரணில் போட்டுவிட்டேன். என் பக்கத்தில்தான் படுக்கிறாள், கீழே ஒரு ரெக்சின். சில நாள் காய்ந்திருக்கிறது, சில நாள் நனைகிறது. நனைந்தால் இரண்டு பேருமாக எழுந்து மாற்றுகிறோம். பின்பால்கனிக் கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். ஆனாலும் விழிப்பு வரும்போதெல்லாம் கையை நீட்டி அவள் பக்கத்தில் இருக்கிறாளா என்று தொட்டுப் பார்க்கிறேன், விரிப்பை இல்லை, அவளை.

துணியை இப்போது முன்பக்கக் கயிற்றில்தான் போடுகிறேன். எழிலின் துணி, அவளுடைய விரிப்பு, எல்லாம் ஒன்றாக. கோமளா பார்த்துவிட்டு, பையன் இவ்வளவா நனைக்கிறான் என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல நாக்கு வந்துவிட்டது. பவ்யா பக்கத்தில் கிளிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ரெண்டு பேருதும்தான் என்றேன். கோமளா இந்த மழை விட்டால்தான் காயும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தோம் என்று இருந்தது.

ஆனால் நான் ஒரு தப்பு பண்ணிவிட்டேன். ‘பாஸா’ என்று கேட்காதீர்கள் என்று உங்களுக்கு எழுதினேன், நீங்களும் கேட்கவில்லை. நான் எழுதினது போய்ச் சேர்ந்ததும் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ஞாயிறு உங்கள் குரலே சரியில்லை. பள்ளிக்கூடம் எப்படி, தம்பி எப்படி, மழையா என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தீர்கள். சிக்னல் இருந்தது, உங்களுக்குப் பின்னால் யாரோ ஹிந்தியில் பேசுவதுகூடக் கேட்டது. பவ்யா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். பிறகு வைத்துவிட்டீர்கள்.

அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மெத்தையை இழுத்துப் போட்டு மடிக்க ஆரம்பித்தாள், அந்தப் பழைய மடிப்பு, ஓரத்தோடு ஓரம். என்னடி என்றேன். அப்பா கேட்கவே இல்லை, அப்பாவுக்கு என்மேல் கோபம் என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேசாமல் திரும்பிப்போவதுதானே அவளுக்கு நீங்கள் கொடுத்த ஃபெயில். நான் உங்களை வாய் திறக்காமல் இருக்கச் சொல்லி அதையே மறுபடி செய்ய வைத்துவிட்டேன். உங்களிடமிருந்து வருகிற மௌனம் அவளுக்கு வேறு எதையும் சொல்லாது. நான் எத்தனை சமாதானம் சொன்னாலும் அது அம்மா சொன்னது. டாக்டர் போட்ட படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள், அதுவும் டாக்டர் சொன்னது.

நேற்று, அப்பா தீபாவளிக்கு வருகிறார் என்று சொன்னேன். போன தடவை நீங்கள் வருகிறீர்கள் என்றதும் பிளாக் முழுக்க ஓடிப்போய்ச் சொன்னவள் இவள். நேற்று தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். “அப்பா அடுத்த லீவுக்கு வரட்டும்மா. அதுக்குள்ள நான் சரியாயிடுவேன்” என்றாள்.

கல்லெடுத்து அடித்தால்கூட இப்படி வலிக்காது. நீங்கள் அந்தக் காட்டில் எதைக் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், பிள்ளைகள் முகத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்பதைத்தான். அந்தப் பிள்ளை உங்களை வர வேண்டாம் என்கிறது. உங்கள்மேல் ஆசை இல்லாமல் இல்லை. உங்கள் முன்னால் காய்ந்து நிற்க வேண்டும் என்கிற ஆசையில்.

நீங்கள் வந்தாக வேண்டும். நான் அவளிடம் அப்பா கட்டாயம் வருவார் என்று சொல்லிவிட்டேன்.

வந்து என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, ஆனாலும் என் வாய் சும்மா இருக்காது. மேனாம்பேட்டுத் தெருவில் தலையில் பாயோடு நின்றானே ஒரு பையன், அவனைப் பற்றி நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. உங்கள் அக்கா சொல்ல வாயெடுத்தார்கள், வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அது உங்களுடையது. உங்களுக்கு அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பெண்டாட்டியிடமே சொல்ல முடியாததைப் பெற்ற பெண்ணிடம் எப்படிச் சொல்வீர்கள்? முடியாவிட்டால் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் குரல் நின்றால் மீதியை நான் சொல்கிறேன். ஆனால் முதல் வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரட்டும். நம்ம அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது, இருந்தும் அவர் எவ்வளவு பெரிய ஆளாக வந்து நிற்கிறார் என்று அவள் உங்களை நிமிர்ந்து பார்க்கட்டும். அவள் கண்ணில் நீங்கள் குறைந்துபோவீர்கள் என்று பயப்படாதீர்கள். அந்தப் பையனை அவளைவிடப் பத்திரமாக யார் வைத்துக்கொள்வார்கள்?

இன்னொன்று. கேட்டுக்குள் நுழையும்போதே, பெட்டியைக் கீழே வைக்கும் முன்னாலேயே, அவளுக்கு ஒரு சல்யூட் வைத்துவிடுங்கள். ராத்திரி எப்படி, காலையில் எப்படி என்று எதுவும் கேட்காமல். போகிறபோது வைக்காமல் போனதை வருகிறபோது வைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.

கருமாரியம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். இங்கே மழை விடுகிற மாதிரி தெரியவில்லை, ஒரு துணியும் காயவில்லை, நீங்கள் வருகிற அன்றைக்கு வீடு பூராவும் ஈரமாகத்தான் இருக்கும். இருந்தாலும் வாருங்கள்.

உங்கள் வழி பார்த்திருக்கும்
ரேணுகா